அம்மாவுக்குக் கேட்ட சத்தம்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ பஸ் ஏறிப் பதினோரு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்தாயா, வழியில் வயிறு தொந்தரவு செய்யாமல் இருந்ததா, ஒரு வரி எழுது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். போனில் பேசலாம்தான். ஆனால் போனைக் காதில் வைத்தால் நீயும் நானும் "ம்", "சரி" என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். காகிதத்தைப் பார்த்தால்தான் நம் இரண்டு பேருக்கும் வாய் திறக்கிறது.

நீ உடைத்த சுவரின் தூசி இன்னும் அடங்கவில்லை. தையல் மிஷின் பாபினுக்குள், சர்க்கரை டப்பாவுக்குள், எங்கே தொட்டாலும் அதுதான். கொத்தனார் வந்து ஜன்னலைச் சுற்றி விட்டுப்போன பூச்சு வேலையை முடித்துக் கொடுத்தார். "உங்க தம்பி வச்ச லெவல்ல ஒரு நூல் மாறல" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. குளியலறைக் கதவை அகலமாக்கியதும், வாசற்படியைச் சரிவாக்கியதும் எனக்குப் பெரிய உபகாரம். அம்மாவின் சக்கர நாற்காலி எங்கும் முட்டாமல் போகிறது.

ஜன்னலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இடுப்பு ஒடிந்து நாலு மாதமாகக் கூரையையே பார்த்துக் கிடந்த அம்மா, இப்போது படுத்த இடத்திலிருந்தே ஓடையையும் அதற்கு அப்பால் காட்டையும் பார்க்கிறாள். "அந்தப் பட்டுப்போன மரத்துல ரெண்டு மரங்கொத்தி குடித்தனம் பண்ணுது. ஆம்பளை ஒரு வேலையும் செய்யல, வந்து வந்து மேற்பார்வை பாக்குது" என்கிறாள். நீ போன மறுநாள் ஒரு மீன்கொத்தி வந்தது. அவ்வளவு பக்கத்தில் நான் மீன்கொத்தியைப் பார்த்ததே இல்லை. நீலம் என்று நாம் சொல்கிறோமே, அது ஒரு நீலம் இல்லை, மூன்று நான்கு நீலம்.

இன்னொன்று. அப்பா இறந்த வாரம், நீ மூன்று நாள் கழித்து வந்து நின்றபோது, சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் "நீ இந்த வீட்டுக்கு விருந்தாளிதான்" என்று சொன்னேன். அதற்கப்புறம் நாலு வருஷம் நீ இந்தப் பக்கம் வரவில்லை. இந்தத் தடவை பன்னிரண்டு நாள் இருந்தும் நாம் அதைப் பேசவில்லை. ஜன்னலைத் துடைக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. சரி, விடு.

உயரத்தில் வேலை. பெல்ட் போடாமல் ஏறாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வயிறும் சொன்ன பேச்சைக் கேட்டது. அம்மாவுக்கு வலி எப்படி இருக்கிறது, நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று அடுத்த கடிதத்தில் சொல்.

கொத்தனார் சொன்னதை என்னோடு கயிற்றில் தொங்கும் நெட்டையனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்பது வருஷமாக மாடி மாடியாகக் கண்ணாடி மாட்டுகிறேன். அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். கண்ணாடி போட்ட இடத்தில் கண்ணாடி இருப்பதே தெரியக் கூடாது, அதுதான் வேலை என்பார் எங்கள் மேஸ்திரி. அம்மா ஜன்னல் அப்படித்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் விருந்தாளியாகத்தான் வந்து நின்றேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு சின்ன விஷயம். காலையில் ஒரு தடவை வெளிப்பக்கம் போய்ப் பார். கண்ணாடியில் கறை ஏதாவது ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீர் தொட்டு, அம்மா கண் விழிப்பதற்குள் துடைத்துவிடு. கீழேயும் பெருக்கிவிடு.

அடுத்த லீவில் ஹாலுக்கும் ஒன்று போட்டுவிடலாம். மேற்குச் சுவரின் நீளம், உயரம் அளந்து எழுது. கண்ணாடியை இங்கேயே வெட்டி வாங்கி வருகிறேன்.

அம்மாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்ததாகச் சொல். திட்டுவாள், பரவாயில்லை.

தம்பி

•

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. கன்னத்தைத் தடவினேன், "கை கழுவினியா?" என்று கேட்டாள். அங்கே வெயில் எப்படி? கம்பிகள் கையைச் சுடுமே, உறை போட்டுக்கொள்.

நீ சொன்னபடியே காலையில் எனக்கு முதல் வேலை ஜன்னல்தான். துடைக்கிறேன், கீழே பெருக்குகிறேன். நேற்று அம்மா சீக்கிரம் விழித்துவிட்டாள். "என்னடி, அந்தக் கண்ணாடிய இந்தத் தேய் தேய்க்கிற? தேஞ்சே போயிடும்" என்றாள்.

ஒரு கீரி புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. விடிந்ததும் வந்து ஜன்னலுக்குக் கீழே, தபால்காரருக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்காருகிறது. என்னைப் பார்த்தால் பத்தடி தள்ளிப் போகும், ஓடாது. நான் உள்ளே வந்ததும் திரும்ப வரும். அம்மாவுக்கு அது தெரியாது. படுக்கையிலிருந்து பார்த்தால் ஓடை தெரியும், காடு தெரியும், ஜன்னலடி தெரியாது.

ஹால் சுவரை இன்னும் அளக்கவில்லை. டேப்பை எங்கோ வைத்துவிட்டேன். ஹாலுக்கு என்ன அவசரம், நாங்கள் இரண்டே பேர்தானே. மெதுவாகப் பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

சுகம்தான். தோளில் லேசான பிடிப்பு, மற்றபடி ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலமா?

தையல்காரி வீட்டில் டேப் காணாமல் போய்விட்டதா? நெட்டையனிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு உன்னைத் தெரியாது. எனக்கு உன்னைத் தெரியும். ஹால் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது அக்கா. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெளியிலிருந்து எடுத்து நீ கடிதத்தோடு அனுப்பிய ஜன்னல் படத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். ஜன்னல் முழுக்கக் காடு தெரிகிறது. உள்ளே இருக்கும் காடா, வெளியே இருக்கும் காடா என்று புரியவில்லை என்றார். அப்புறம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அம்மாவைக் கைப்பட நாலு வரி எழுதச் சொல். ஜன்னல் பிடித்திருக்கிறதா என்று அவள் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும்.

தம்பி

•

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் தோள்பிடிப்பு தேவலையா? வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ பயப்படாதே.

அம்மாவுக்கு ஒரு மாதமாகப் பகலில் ஏதோ சத்தம் கேட்கிறதாம். நிழல் மாதிரி ஒன்று முகத்துக்கு நேரே வருகிறதாம், உடனே சத்தமாம், பிறகு ஒன்றும் இல்லையாம்.

"என்ன சத்தம்மா?" என்று கேட்டேன்.

"டப்புனு. ஈரத்துணிய சுவத்துல அடிச்ச மாதிரி. உனக்குக் கேக்கல?"

"இல்லையேம்மா."

"மிஷின நிறுத்திட்டுக் கேளு."

"நிறுத்தித்தான் இருந்துச்சு."

"எனக்கு இடுப்புதான்டி ஒடிஞ்சது, காது இல்ல. பறவை வந்து மோதுதுன்னு நெனக்கிறேன். போய்ப் பாரு."

போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. இப்படி வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாதம் இரண்டு தடவை வரும் நர்ஸிடமும் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கும் கேக்குதா?" என்று கேட்டார். எனக்கு எதுவும் கேட்டதில்லை என்றேன். அவர் டாக்டரிடம் சொல்ல, டாக்டர் வந்து பார்த்தார். ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தால் சிலருக்கு இப்படி வரும், இல்லாதது தெரியும், கேட்கும் என்றார். ஃபைலில் ஏதோ எழுதினார். இரண்டு வேளைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் கொஞ்சம் அசதி இருக்கும், பேச்சு குழறும் என்றார்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதினேன். கை நடுங்குவதால் அம்மாவால் இப்போது எழுத முடியாது. ஜன்னல் அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம்.

அக்கா

•

ஜூன் 25

அன்புள்ள அக்கா,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. புதுக் கட்டடம் தொடங்கியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட ஓய்வில்லை. அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? உனக்கு?

வயதானால் இப்படியெல்லாம் வருவதுண்டு என்று இங்கேயும் சொல்கிறார்கள். மாத்திரையை விடாமல் கொடு. குறையவில்லை என்றால் டவுனில் பெரிய டாக்டரிடம் காட்டு, என்ன ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹால் ஜன்னல் இப்போதைக்கு வேண்டாம்.

கீரி இன்னும் வருகிறதா?

தம்பி

•

ஜூலை 12

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அம்மா இப்போது அதிகம் தூங்குகிறாள். வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று கட்டிலை உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே அமைதியாக இருக்கிறது. சத்தத்தைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

விஷயம் எப்படியோ தெருவில் பரவிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் அம்மாவிடம் சின்னக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி, இழுத்து இழுத்துச் சத்தமாகப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி குனிந்து, "என்னை யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அம்மா குழறிக்கொண்டே, "தெரியுது. உன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைச்சவளே நான்தான். வலது கை கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு ரெண்டு தடவை பிரிக்க வச்சே" என்றாள். அந்த ஒரு நிமிஷம் பழைய அம்மா. வந்தவள் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கீரி வருகிறது.

அக்கா

•

ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

அம்மாவுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. சத்தம் எனக்கும் கேட்டது. முதல் நாளிலிருந்தே கேட்டது. அவள் சொன்னதுதான் சரி. உன் ஜன்னலில் பறவைகள் மோதிச் சாகின்றன. கண்ணாடியில் தெரிகிற காட்டைக் காடு என்று நம்பிப் பாய்ந்து வருகின்றன. பிப்ரவரியில் உனக்கு எழுதினேனே, மீன்கொத்தியை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன் என்று? அது என் உள்ளங்கையில் கிடந்தது. காலையில் எழுந்து நான் பெருக்கியது அவற்றைத்தான். தையலில் மிஞ்சுகிற வெட்டுத்துணியில் சுற்றி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் புதைத்தேன். எனக்கு முன்னால் கீரி வந்த நாட்களில் புதைக்க எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

"போய்ப் பாரு" என்று அம்மா அனுப்பும்போதெல்லாம் போனேன். பறவையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே வந்து, "ஒண்ணுமில்லம்மா" என்றேன். சில நேரம் அது இடுப்பில் இன்னும் சூடாக இருக்கும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நாலு வருஷம் கழித்து வந்து நீ செய்த ஒரே காரியம் அது. அதையும் குறை சொன்னால் மறுபடி வர மாட்டாய் என்று பயந்தேன். அம்மாவிடம் சொன்னால் உனக்குச் சொல்லிவிடுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்கப் போய், டாக்டர் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை நர்ஸ் வந்திருந்தார். ஜன்னல் இருக்கிற அறையில் கை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு நேராக ஒன்று வந்து மோதியது. உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"நர்ஸம்மா, இப்ப ஒரு சத்தம். உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா" என்றார் நர்ஸ்.

நான் எழுந்திருப்பதற்குள் அவர் வெளியே போய்விட்டார். ஒரு தேன்சிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை, நேரே அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அம்மா வெகு நேரம் அதைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"இது எத்தனையாவது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாப்பத்தொண்ணு" என்றேன்.

"எண்ணிக்கூட வச்சிருக்கே" என்றாள். அப்புறம், "நெசமாவே எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நெனச்சுட்டேன்டி" என்றாள்.

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை எல்லாம் உன் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆசையாகச் செய்தாய். உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா

•

செப்டம்பர் 3

அக்காவுக்கு,

உன் கடைசி வரியைப் படித்த பிறகு மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. எனக்குத் தெரியும் அக்கா.

இங்கே விடிந்ததும் எனக்கும் நெட்டையனுக்கும் முதல் வேலை கயிற்றில் ஏறுவது இல்லை. ஆளுக்கு ஒரு சாக்கும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். ஆபீஸ்காரர்கள் வருவதற்குள் கீழே கிடக்கிற பறவைகளைக் கூட்டி எடுத்துவிட வேண்டும். யார் கண்ணிலும் படக் கூடாது. ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். முதல் மாதம் நானும் எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன்.

தெரிந்துதான் அம்மாவுக்கு அந்த ஜன்னலைப் போட்டேன். வெளிப்பக்கம் கயிறு தொங்கவிட்டால் பறவை வராது. ஒரு கட்டடத்தில் அந்த வேலையை நானே செய்திருக்கிறேன். ஆனால் கயிறு தொங்கினால் கண்ணாடி இருப்பது தெரிந்துவிடும். கொத்தனாரும் நீயும் அம்மாவும் அசந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காட்டு ஓரத்தில் இருப்பது ஒரே ஒரு ஜன்னல், அதில் என்ன பெரிதாக மோதிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. நம்பியிருந்தால் கீழே பெருக்கச் சொல்லி உனக்கு எழுதியிருக்க மாட்டேன். எதைப் பெருக்க என்று நீ திருப்பிக் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கீரி வந்து உட்காருகிறது என்று எழுதினாய், அதுவும் புரிந்தது. மேஸ்திரியும் படத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மே மாதக் கடிதத்தை நான் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். ஈரத்துணியைச் சுவரில் அடித்த மாதிரி என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தச் சத்தத்தை அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, மாத்திரையை நிறுத்து என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். சொன்னால் ஜன்னல் போய்விடும். ஜன்னல் போனால் நான் பழையபடி விருந்தாளி. ஏழு வாரம் யோசித்து, கடைசியில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதினேன். அம்மாவைப் பைத்தியம் என்று சொல்ல நீ மட்டும் இருந்தாய். நான் இரண்டாவது ஆள்.

கயிறு கட்டும் முறை சொல்கிறேன். வெளிப்பக்கம், மேல் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டம் வரை, நாலு விரல் இடைவெளிக்கு ஒன்று. உள்பக்கம் கட்டினால் பிரயோஜனம் இல்லை. உடனே செய். வேண்டாம் என்றால் கல்லை எடுத்து உடைத்துவிடு, எனக்கு வருத்தம் இல்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காட்டாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதால்தான் காட்டச் சொல்கிறேன்.

தம்பி

•

செப்டம்பர் 29

தம்பிக்கு,

இருக்கிறோம். நீ வேலைக்குத் திரும்பிவிட்டாயா?

கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் படித்தேன். ஒரு வரி விடவில்லை. சாக்கும் விளக்குமாறும் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மே மாதத்தைப் பற்றி நீ எழுதிய இடத்துக்கு வந்ததும், "அத மறுபடி படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவை" என்றாள். படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "கயிறு கட்டிட்டியா?" என்று கேட்டாள். அதுதான் முதல் பேச்சு.

கட்டிவிட்டேன். ஏணியில் ஏறி நானே கட்டினேன். நாலு விரல் என்று எழுதியிருந்தாய், டேப் வைத்தே அளந்தேன். மொத்தம் பதினேழு கயிறு. மூன்று வாரத்தில் இரண்டு பறவை மோதியது. ஒன்று எழுந்து பறந்துவிட்டது. இன்னொன்றை அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் புதைத்தேன்.

கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாதாம், குறைத்துக் குறைத்து நேற்றோடு முடிந்தது. பேச்சு தெளிவாகிவிட்டது.

மாத்திரையைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன்னால் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா போகச் சொல்லவில்லை. அவள் ஃபைலில் அந்த வரி கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டம். டாக்டர் அறைக்குக் கதவு இல்லை, திரைதான். பெஞ்சில் பாதிப் பேர் தெருக்காரர்கள்.

"இல்லாத சத்தம் கேக்குதுன்னு எங்க அம்மா ஃபைல்ல எழுதியிருக்கீங்க. அத அடிச்சிடுங்க டாக்டர்" என்றேன்.

"ஏன்?"

"சத்தம் இருந்துச்சு. எனக்கும் கேட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

உன் பெயரைச் சொல்லவில்லை. "சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்றேன். வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. டாக்டர் ஃபைலை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "நாலு மாசம் மாத்திரை சாப்பிட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். தேவைக்கு அதிகமாகவே விலகினார்கள்.

அம்மா உனக்குத் தனியாக எழுதுகிறாளாம். பேனாவும் அட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்ன எழுதப் போகிறாள் என்று கேட்டேன். "உனக்கு இல்ல" என்றாள்.

அக்கா

•

அக்டோபர் 6

மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுவதால் அப்படி, வேறு காரணம் ஒன்றும் இல்லை. தோள்பிடிப்பு என்று எழுதியிருந்தாயே, போய்விட்டதா?

கயிற்றுக்கு நடுவில் பார்த்தால் மழைக்குள் பார்க்கிற மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. எனக்கு அது இடைஞ்சலாக இல்லை. முதலிலேயே கட்டியிருந்தாலும் இடைஞ்சலாக இருந்திருக்காது. நான் அசந்துபோய் நிற்கிற நிலையிலா இருந்தேன்? நீ வந்திருந்தாய், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சுவரில் ஓட்டையை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பறவைகளுக்காக நான் உங்களைக் கோபிக்கவில்லை. அது வேறு வருத்தம், அது இருந்துகொண்டே இருக்கும். நான் சொல்ல வந்தது இது. மே மாதத்திலிருந்து நான் தினமும் எனக்கே பரீட்சை வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். உங்கள் இரண்டு பேருக்கும் எந்த வயதில் எத்தனை அங்குலத்தில் சட்டை தைத்தேன் என்று சொல்லிப் பார்ப்பேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. சரியாக வந்தும் நான் என்னை நம்பவில்லை. என் பெண் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்கிறாள், என் பையன் தூரத்திலிருந்து யோசித்துச் சொல்கிறான், இரண்டு பேருக்கும் நான் மூத்தவள்தானே தவிர, புத்திசாலி என்று யார் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மாத்திரை போட்டு, வாய்ப்பாடும் வராமல் போனது. அன்றைக்கு நான் அழுததை உன் அக்கா பார்க்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் பேசியதை எனக்குச் சொன்னாள். முகம் கறுத்துப்போய்த்தான் சொன்னாள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது அவள் குணம். அதனால் உன் பாதி இன்னும் யாருக்கும் தெரியாது. தெருவில் பாதிப் பேர் இப்போதும் என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறார்கள்.

நீ லீவு கேட்டுக்கொண்டு வா. பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு நம் தெரு, கடைசியில் நம் வீடு. அந்த வரிசையிலேயே வா. டாக்டரிடம் சொல். அந்த நர்ஸிடம் சொல், அவர் நல்லவர். பக்கத்து வீட்டில் ஏறிச் சொல். எங்கள் அம்மாவுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது, அது எனக்குத் தெரிந்தே இருந்தது என்று உன் வாயால் சொல். அவமானமாக இருக்கும். எனக்கும் நாலு மாதம் அப்படித்தான் இருந்தது.

எல்லாரிடமும் சொல்லிவிட்டு உள்ளே வா. அதற்கு முன்னால் வராதே.

அம்மா